இரண்டாம் எண் வேறொருவரிடம் இருக்கிறது

விடியற்காலை நாலு முப்பத்தைந்து. ஆற்றங்கரை மேட்டின்மேல் போகிற சாலை.

சாலை என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். சைக்கிளில் போனால் எதிரே வருகிற நாய் ஒதுங்கி வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஒரு பக்கம் நாணல். இன்னொரு பக்கம் தண்ணீர். விளக்குக் கம்பம் கிடையாது. செல்போனை எத்தனை உயரத் தூக்கிப் பிடித்தாலும் சிக்னல் கிடையாது. அந்தச் சாலையோரம் ஒற்றை அறை. அறைக்குள் ஒரு மேசை, ஒரு பழைய லேண்ட்லைன் போன், ஒரு மனுஷன்.

நாலரை மணி என்றால் பேய்க்கே டியூட்டி முடிகிற நேரமாயிற்றே என்றுதான் நானும் நினைத்தேன். அந்தத் தைரியத்தில், இதைக் கேட்ட அன்று ராத்திரி தனி அறையில் படுத்தேன். சரியாக நாலரைக்கு எழுந்து போய் என் மனைவியை உலுக்கி, “தூங்கறியா?” என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவை யாராவது சாத்திவிட்டு வாருங்கள்... நான் போகமாட்டேன்.

இது என் நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது. நண்பன் வாயைத் திறந்தால் பொய்தான். பெரியப்பா அப்படி இல்லை. ஆயுசில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் நாலு வார்த்தை. பிறகு சொன்னதெல்லாம் அந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

அவர் கரைக் காவலர். ராத்திரி முழுக்கக் கரையிலேயே நடக்க வேண்டும். அரைக் கிலோமீட்டருக்கு ஓர் அளவுக் கம்பம் நிற்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கிறது, மண் எங்காவது சரிகிறதா, எலி வளை தோண்டியிருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துக் கையடக்கக் கணினியில் தட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கூடு அளவுதான் அது. திறந்தால் மேலே திரை, கீழே கடுகைக் கொட்டினாற்போல எழுத்துப் பொத்தான்கள். உள்ளே ஓடுவது லினக்ஸ். பெரியப்பா அந்தப் பெயரைக் கோபக்கார மாப்பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

ஆற்றுக்குக் கரை இரண்டு. ஆகவே ஆளும் இரண்டு. எதிர்க்கரையில் நடந்தவருக்கு ஆபீஸில் எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘அக்கரை’. பதினோரு வருஷம் இரண்டு பேரும் நடுவில் ஆற்றை வைத்துக்கொண்டு சேர்ந்து நடந்தார்கள். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது பத்துத் தடவை இருந்தால் அதிகம். பாலம் எட்டுக் கிலோமீட்டர் மேலே இருக்கிறது. சம்பளம் வாங்குகிற காலால் ஓசியில் யார் நடப்பார்கள்?

ஆனால் பேச்சு மட்டும் நிற்காது. இரண்டு மெஷினும் நடுவில் டவர் எதுவும் இல்லாமல் ஒன்றோடொன்று நேராகப் பேசும். பெரியப்பாவின் மெஷினுக்கு எண் ஒன்று. அக்கரையின் மெஷினுக்கு எண் இரண்டு. யாருக்கு அனுப்புவது என்று மெஷின் கேட்கும். பெரியப்பா ‘2’ என்று தட்டுவார். ஒரு ராத்திரிக்கு நூறு தடவை, பதினோரு வருஷம். திரையின் மூலையில் ஓர் எண் தெரியும், எதிராளி எவ்வளவு கிட்ட இருக்கிறார் என்பதற்கு. மைனஸ் எண்பத்தொன்று என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே. எண் சிறிதாகச் சிறிதாக ஆள் கிட்ட என்று அர்த்தம். பயிற்சி நாளன்று இரண்டு மெஷினையும் ஒரே மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மைனஸ் இருபத்தைந்து காட்டியது. அதற்குக் கீழே அவர் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்கு வீட்டில் யாரும் இல்லை. பெரியம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். வீட்டில் அவரைத் தவிரச் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் ஃப்ரிட்ஜ். அதுவும் அவர் கண்ணயர்கிற நேரம் பார்த்துத்தான் உறுமும். ஆகவே அவருக்கு இந்த உலகத்தில் பேச்சுத்துணை என்றால், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிற அக்கரைதான்.

அவர்களுக்குள் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. சுற்று முடித்து இரண்டு பேரும் அவரவர் அறைக்கு வந்து சேர்ந்தால்தான் வயர்லெஸை அணைக்கலாம். கரையில் ஒருத்தன் வழுக்கி விழுந்தால் இன்னொருத்தனைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. நல்ல குளிர். பெரியப்பாவின் காலுறை நனைந்து கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. அக்கரை, தன் மருமகன் வாங்கி வந்த சோபாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அந்த சோபா வாசல் கதவுக்குள் நுழையவில்லை. எப்படி நுழையவில்லை என்பதை ஒற்றை விரலால் இரண்டு மணி நேரமாக விவரித்துக்கொண்டிருந்தார். நேராக வைத்துப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். சம்பந்தி வந்து யோசனை சொன்னார்... பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. மிச்சத்தை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று மெஷினின் ஓரத்தில் இருக்கிற குட்டிச் சுவிட்சை நகத்தால் தள்ளினார்.

டிக்.

வயர்லெஸ் அணைந்தது. சுற்றை அரைகுறையாக முடித்துவிட்டு அறைக்கு வந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்.

காலையில் புல்லறுக்க வந்தவர்கள் அக்கரையைப் பார்த்தார்கள். அளவுக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் மெஷின் திறந்தபடி. மாரடைப்பு என்றார் டாக்டர். ஒன்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. அவர் கிடந்தது பாலத்துக்குப் போகிற வழியில், அவருடைய அறையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் மேலே. வீடோ நேர் எதிர்த்திசையில். சுற்று முடிந்த பிறகு அந்தப் பக்கம் அவருக்கு என்ன வேலை?

ஆபீஸிலிருந்து வந்தவர் பெரியப்பாவைக் கேட்டார். “உங்க ரெண்டு பேருக்கும் தொடர்பு இருந்திருக்கணுமே. ஏன் இல்ல?”

பெரியப்பா அந்த நாலு வார்த்தையைச் சொன்னார். “வயர்லெஸ் தானா போயிடுச்சு சார்.”

வந்தவர் மெஷினைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். பழைய சாஃப்ட்வேர் பழுது என்று முடிவாயிற்று. எல்லாக் காவலர்களும் புதிய சாஃப்ட்வேரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்; அது கரைக்கு வந்து சேர ஏழு மாசம் ஆயிற்று. மொத்தம் நாற்பது மெஷின். சொன்ன ஒரு பொய்க்கு இத்தனை மெஷின் தலைகீழாக நிற்கும் என்று பெரியப்பா நினைத்திருக்கவில்லை. எதிர்க்கரைக்கு ஆள் போடவில்லை. ஏழு மாசமாக அவர் தனியாகத்தான் நடந்தார். எழுதவும் யாரும் இல்லை, எழுதினால் வாங்கவும் யாரும் இல்லை. ஓரத்துச் சுவிட்ச், அன்றைக்குத் தள்ளிய இடத்திலேயே இருந்தது.

இப்போது நாலு முப்பத்தைந்துக்கு வாருங்கள்.

உத்தரவோடு வந்த மெமரி கார்டை மெஷினில் செருகிவிட்டுப் பெரியப்பா ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண். சின்ன வயசுக் குரல், தூக்கத்தை ஓரமாகத் தள்ளி வைத்த குரல்.

“சொல்லுங்கண்ணா.”

“இன்ஸ்டால் ஆகமாட்டேங்குதும்மா. என்னமோ இல்லங்குது.”

“என்ன இல்லங்குது?”

“இங்கிலீஷ்ல இல்லங்குது.”

அந்தப் பக்கம் சிரிப்பை முழுங்குகிற சத்தம் கேட்டது. “எழுத்து எழுத்தா படிங்கண்ணா.”

படித்தார். இந்த சாஃப்ட்வேருக்கு முன்னால் வேறொன்று வேண்டுமாம். அதை ஏற்றினால், அதற்கும் முன்னால் இன்னொன்று வேண்டுமாம். வீட்டு விசேஷத்துக்கு ஒரு சித்தப்பாவைக் கூப்பிட்டால், ‘பெரியவரைக் கூப்பிடாமல் நான் எப்படி வருவேன்’ என்பாரே, அந்த மாதிரி. ஒவ்வொருவராக வருந்தி அழைத்து உட்காரவைத்ததும் இடம் போதவில்லை என்றது மெஷின். பழைய கோப்புகளை அழித்தார்கள். ஒருவழியாக ஏறியது.

ஆனால் வயர்லெஸ் வரவில்லை.

“அண்ணா, ஓரத்துல ஒரு குட்டி சுவிட்ச் இருக்குமே. தள்ளுற சுவிட்ச். ஆன்லதானே இருக்கு?”

பெரியப்பா சுவிட்சைப் பார்த்தார். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, எந்த ராத்திரியிலிருந்து... உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆஃபில் இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்போதிலிருந்து என்று.

“ஆன்லதாம்மா இருக்கு.”

“அப்ப டிரைவர் பிரச்சனைதான். பாத்துருவோம்.”

பாவம், அந்தப் பெண் வயர்லெஸ் சிப்புக்கான கோப்பை மறுபடி ஏற்றச் சொன்னாள். ஏற்றினார். அணைத்துப் போடச் சொன்னாள். போட்டார். கறுப்புத் திரையில் நீளமான கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பெரியப்பா கடுகுப் பொத்தானில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். ஒரு புள்ளி தவறியது. மறுபடி முதலிலிருந்து. அவள் சலித்துக்கொள்ளவே இல்லை.

“உனக்குத் தொந்தரவும்மா.”

“ஐயோ அதெல்லாம் இல்லண்ணா. இந்த ஃப்ளோர்ல நான் ஒருத்திதான். நீங்க பேசிட்டிருந்தா எனக்கும் பொழுது போகும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்க மெஷின் ஜோடிதான் என் முன்னாடி இருக்கு. ரெண்டாம் நம்பர். அதைப் பாத்துப் பாத்துத்தான் சுவிட்ச் எங்க, பொத்தான் எங்கன்னு சொல்றேன்.”

“அதுல... ஏதாச்சும் இருந்துச்சா?”

“நான் பாக்கலண்ணா. வந்த அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சு வைக்கச் சொன்னாங்க. அழிச்சு, பேட்டரியையும் கழட்டிட்டேன்.”

சுவருக்கு அப்பால் தண்ணீர் கரையை மெல்லத் தட்டுகிற சத்தம். ளப்... ளப்... எங்கோ நாணலுக்குள் ஒரு தவளை ஆரம்பித்து, யோசித்து, நிறுத்திக்கொண்டது.

“கடைசியா ஒண்ணுண்ணா. தப்பா நினைக்காதீங்க. அந்த சுவிட்ச்ச ஒரு தடவை கண்ணால பாத்துச் சொல்லுங்க. பக்கத்துல பச்சைப் புள்ளி தெரியணும்.”

இனி தப்பிக்க வழியில்லை. பெரியப்பா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நகத்தால் தள்ளினார்.

டிக்.

“தெரியுதும்மா. பச்சை.”

“வந்துருச்சு பாத்தீங்களா. லூஸ் காண்டாக்டா இருந்திருக்கும்.”

“...இருக்கும்மா.”

அவர் சொல்ல வேண்டிய பொய்யை அவளே சொல்லிக் கொடுத்தாள். அது அவருக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது.

“ஒரே ஒரு டெஸ்ட். பழைய மாதிரி மெஷினுக்கு மெஷின் போற வழி வேலை செய்யுதான்னு பாத்துட்டு முடிச்சிரலாம். செட்டிங் எல்லாம் அழிஞ்சிருக்கும், உங்க மெஷின் நம்பரைக் கையால அடிங்க.”

பெரியப்பாவின் விரல் தானாகப் போய்த் தட்டியது. பதினோரு வருஷமாக அதற்குத் தெரிந்த எண் ஒன்றுதான்.

‘2’.

மெஷின் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு வரி எழுதியது. பெரியப்பா எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார். அந்த எண்ணை ஏற்கெனவே வேறொருவர் வைத்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

“என்ன அடிச்சீங்கண்ணா?”

“ரெண்டு... கைதவறிடுச்சு.”

“நீங்க ஒண்ணுல்ல. சரி, மாத்திருங்க.” பிறகு அவள் பேச்சு தயங்கியது. “ஒரு நிமிஷம்ணா. யாருமே இல்லாட்டி ரெண்டுன்னு அடிச்சாலும் அது பேசாம ஏத்துக்குமே. பக்கத்துல வேற மெஷின் ஆன்ல இருந்து, ‘அது என் நம்பர்’னு பதில் சொன்னாத்தான் இந்த வரி வரும்.”

“உன் மேசையில இருக்கே, அதுவா?”

“இது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்குண்ணா. இதுல பேட்டரியே இல்ல.”

போன் கம்பியில் மெல்லிய இரைச்சல்.

பெரியப்பா ‘1’ என்று மாற்றினார். மெஷின் ஏற்றுக்கொண்டது. மூலையில் எண் வந்தது. மைனஸ் எண்பத்தொன்று.

ஜன்னலைப் பார்த்தார். எதிர்க்கரையில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

திரையில் ஒரு கேள்வி. இரண்டாம் எண்ணிலிருந்து பதினோரு செய்திகள் காத்திருக்கின்றன. வாங்கிக்கொள்ளவா?

மெஷினுக்கு மெஷின் பேசுகிற முறையில் அப்படித்தான். வாங்குகிறவர் இல்லையென்றால், அனுப்பியவரின் மெஷின் அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும். மறுபடி சந்திக்கும்வரை.

பெரியப்பா ‘ஆம்’ என்று தட்டினார்.

எல்லாம் ஏழு மாசத்துக்கு முந்தைய தேதி. முதல் செய்தி இரண்டு ஐம்பத்தொன்றுக்கு. ‘கடைசியில கதவையே கழட்டினோம்யா.’ இரண்டாவது, ‘கதவு கையோட வந்துடுச்சு. சோபா வரல.’ பெரியப்பாவுக்கு அந்த நிலைமையிலும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது, ‘சிரிக்கிறியா?’

சிரிப்பு நின்றது.

‘இருக்கியா?’

‘யோவ்.’

‘தூங்கிட்டியா. சரி தூங்கு. அறைக்கு வந்ததும் ஒரு வார்த்தை போடு.’

மூன்று இருபதுக்கு, ‘நான் வந்து சேந்துட்டேன். நீ?’ அதன் பிறகு, ‘நீ இன்னும் எழுதல. நான் அணைக்கல.’ அதன் பிறகு, ‘உன் டார்ச்சும் தெரியல.’ அடுத்தது மூன்று நாற்பத்தொன்பதுக்கு. ‘அந்த மண்ணு சரிஞ்ச எடம் தாண்டிட்டியா? பயமா இருக்குய்யா.’

பதினோராவது, மூன்று ஐம்பத்தெட்டு.

‘நான் பாலம் சுத்தி அந்தப் பக்கம் வரேன். நீ எங்க விழுந்து கிடந்தாலும் அசையாதே. வந்துருவேன்.’

பெரியப்பா அந்த வரியை எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது. பாலத்துக்குப் போகிற வழி... மூன்று கிலோமீட்டர்... அறுபதை நெருங்குகிற மனுஷன், அந்தக் குளிரில், ஓட்டமும் நடையுமாக. போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவனைக் காப்பாற்ற.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது மூலையில் இருந்த எண் மாறியிருந்தது.

மைனஸ் எழுபத்தாறு.

அவர் அசையவில்லை. மெஷின் மேசைமேல்தான் இருந்தது. காற்றில் எண் கொஞ்சம் ஆடும், அது அவருக்குத் தெரியும். ஆனால் இது ஆடவில்லை. எழுபத்து நான்கு. எழுபத்திரண்டு. இடையில் கொஞ்சம் நின்றது, களைத்தவர் மூச்சு வாங்க நிற்பதுபோல. பிறகு மறுபடி. அறுபத்தேழு... அறுபது... ஐம்பத்தொன்று.

அந்த எண்ணில் ஒரு கஷ்டம் என்னவென்றால், எவ்வளவு கிட்ட என்று மட்டும்தான் அது சொல்லும். எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்லாது.

தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின.

நாற்பத்து நான்கு. கதவிடுக்கு வழியாக ஈர மண் வாடை வந்தது. அதோடு, நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த கம்பளியின் வாடை. முப்பத்தாறு. மேசைமேல் இருந்த காகிதத்தின் ஓரம் லேசாகத் தூக்கி, படிந்தது. பெரியப்பா திரையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அறை முழுக்க இருந்தது. திரும்பினால் போதும். கழுத்து வரவில்லை.

இருபத்தைந்து.

அதோடு நிற்கும் என்று நினைத்தார்.

பதினான்கு.

அங்கே நின்றது.

“அண்ணா? லைன்ல இருக்கீங்களா?”

பெரியப்பா வாயைத் திறந்தார். முதல் தடவை காற்றுதான் வந்தது. பிறகு வந்துவிட்டது, ஏழு மாசமும் சேர்ந்து.

“அம்மா, எழுதிக்கோ. மெஷின் மேல தப்பில்ல. சாஃப்ட்வேர் மேல தப்பில்ல. நான்தான் அணைச்சேன். அவரு பேச்சு சலிப்பா இருந்துச்சுன்னு நான்தான் என் கையால அணைச்சேன். அவரு என்னைத் தேடிக்கிட்டு வந்தாரும்மா. என்னைத் தேடி வந்துதான் செத்தாரு. நான் தூங்கிட்டிருந்தேன்.”

சொல்லி முடித்தபின் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். வயசான ஆம்பிளை அழுகிற சத்தம் நன்றாக இருக்காது. யாரும் கேட்டுப் பழகியிருக்க மாட்டார்கள். ரிசீவர் காதோடு அப்படியே இருந்தது.

அந்தப் பெண் மெதுவாக, கூச்சத்தோடு, அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறவள்போலப் பேசினாள்.

“அழாதீங்கண்ணா... பக்கத்துல இருக்கிறவரு அப்ப புடிச்சு ‘விடுய்யா, பரவால்ல விடுய்யா’ன்னு சொல்லிட்டே இருக்காரே. அவரு சொல்றதையாவது கேளுங்க.”

பெரியப்பா மூச்சை நிறுத்தினார். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு சொல்லாவது விழாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்... அப்படியே, விடிகிறவரைக்கும் கேட்டார்.

அவருக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.